மதலேனாவின் மூன்று அலமாரிகள்

முதலில் தன் நாற்காலியின் முதுகுப்புறம். அங்கே இல்லாவிட்டால் டிபார்ட்மென்ட் குடைத்தாங்கி. அங்கேயும் இல்லாவிட்டால் லிஃப்ட் வாசலில் கம்பெனி எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் பீங்கான் தொட்டி. மதிய மழையில் சாப்பிடக் கிளம்பும்போது மதலேனா குடை தேடும் வரிசை இதுதான். இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. எது முதலில் அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். கம்பி முறிந்த தன் சொந்தக் குடை நாற்காலியில் தொங்கினால் போதும், தாங்கியில் புத்தம்புதுக் குடைகள் நின்றாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். "அதான் கெடச்சிடுச்சே அண்ணே, அப்புறம் என்னத்துக்கு மேல தேடணும்?" என்பாள்.

எங்குமே கிடைக்காத நாளில்தான் வேடிக்கை. வானொலியில் செய்தி வாசிப்பவர் தோற்றுப்போவார். "நாக்காலி, இல்ல. ஸ்டாண்ட், இல்ல. லிஃப்ட், இல்ல. குடை இல்ல. நான் நனைஞ்சுக்கிட்டே போறேன்" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டுத்தான் போவாள். வெறுமனே "காணோம்" என்று சொல்கிறவர்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. ஒருநாள் ஸ்டேப்லரைக் காணோம் என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "எங்கெங்க பாத்தீங்க, அதச் சொல்லுங்க லா. எங்க பாத்தோம்னு தெரியாம காணோம்னா, நான் எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

ராபின்சன் சாலையில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. நான் அங்கே இழப்பீட்டுப் பிரிவில் காலம் தள்ளுகிறவன். எனக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவுதான் தடுப்பு. அதனால் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மதலேனாவைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். வெள்ளைச் சட்டை, முழங்காலை மூடிய பாவாடை, கம்ப்யூட்டர் அறையின் ஏ.சி. குளிருக்குப் பயந்து எப்போதும் ஒரு பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை. தோ பாயோவில் அம்மா அல்போன்சம்மாளோடு வீடு. ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் சாலை மாதா கோயிலில் பட்டுப்புடவையோடு பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நிற்பாளாம். பால் விடாத தேநீரான தே-ஓவில் சர்க்கரை போட்டுவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். எந்தத் தாளை எடுத்தாலும் தலையில் ஒரு குட்டிச் சிலுவை போட்ட பிறகுதான் அவளுக்கு எழுத்து ஓடும். லீவுக் கடுதாசி ஆனாலும் சரி, மீன் வாங்கச் சொல்லி அம்மாவுக்கு எழுதும் துண்டுத்தாள் ஆனாலும் சரி, சிலுவை உண்டு.

அவள் முதலில் தட்டச்சு அறையில்தான் இருந்தாள். வேலை முடிந்து பஸ் ஏறி கிளமெண்டிப் பக்கம் போய் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தாள். படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பொது மேலாளர் மிஸ்டர் கோவின் அறைக்குள் நேரே போய், "மாசக் கடைசி லெட்டர் எல்லாத்தையும் மெஷினை வச்சே எழுத வைக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம். இது எண்பத்து மூன்றில். மிஸ்டர் கோ சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். சோதனையில் தேறினால் புரோகிராமர், இல்லாவிட்டால் மறுபடி தட்டச்சு அறை.

மாதக் கடைசிக் கடிதங்கள் என்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு நோய். தோ பாயோ, கிளமெண்டி, சிராங்கூன் சாலை என்று தீவெங்கும் கிளைகள். தவணை நினைவூட்டலும் பாலிசி புதுப்பித்தலும் தலைமை அலுவலகத்திலிருந்துதான் போக வேண்டும். கிளை மேலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம். கிளமெண்டிக்காரருக்கு வாழ்த்து வாசகம் தான் சொன்னபடிதான் இருக்க வேண்டும். தோ பாயோக்காரருக்குக் கிளைக்கு எந்த பஸ்ஸில் வரவேண்டும் என்று எழுதியாக வேண்டும். சிராங்கூன் சாலைக் கிளை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், அதைக் கடிதத்தின் உச்சியில் போட வேண்டும். இத்தனையையும் நினைவில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை வரை பெண்கள் தட்டிக்கொண்டிருப்பார்கள். தட்டச்சு அறையின் தலைவி சம்சுன்னிசா தன் தங்கை மகளின் நிக்காஹ்வுக்கே தாமதமாகப் போனது இந்தக் கடிதங்களால்தான்.

மதலேனா செய்த ஏற்பாட்டைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குடை தேடுகிற அதே கதை. கம்ப்யூட்டருக்குள் மூன்று அலமாரிகள். டைரக்டரி என்று அதற்குப் பெயராம், எனக்கு அலமாரி போதும். கடிதத்தைத் தலை, உடல், கால் என்று துண்டு துண்டாக நறுக்கி வைத்துவிட்டாள். சிராங்கூன் சாலைக் கடிதத்துக்கு ஒரு தலை வேண்டுமென்றால், மெஷின் முதலில் அந்தக் கிளைக்கென்று இருக்கும் அலமாரியைத் திறந்து பார்க்கும். இருந்தால் எடுத்துக்கொள்ளும், அதோடு தேடல் முடிந்தது. இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை அனுப்பும் பிரிவின் அலமாரி. அங்கேயும் இல்லாவிட்டால் பொது அலமாரி. பொது அலமாரியில் எல்லாத் துண்டிலும் ஒவ்வொன்று இருக்கும். ஆகவே கிளமெண்டிக்காரர் தன் வாழ்த்து வாசகத்தை மட்டும் தன் அலமாரியில் வைத்தால் போதும், மிச்சமெல்லாம் பொதுவிலிருந்து தானாக வந்துவிடும். அவர் பிடிவாதம் அவரோடு, அடுத்த கிளையைத் தொடாது.

"மூணுலயும் இல்லாட்டி?" என்று கேட்டேன்.

"நின்னுடும் அண்ணே. மொட்டைத் தலையோட லெட்டர் வெளிய போகக்கூடாது. இங்க பாத்தேன், இங்க பாத்தேன், இங்க பாத்தேன், இல்லன்னு திரையில போட்டுட்டு நின்னுடும்."

"உன்ன மாதிரியே கத்தும்னு சொல்லு."

"என் பிள்ளை, என்னை மாதிரிதானே இருக்கும்?" என்றாள். மாதக் கடைசி சனிக்கிழமைகளில் தட்டச்சு அறை ஒரு மணிக்கே காலியாக ஆரம்பித்தது. சம்சுன்னிசா வீட்டிலிருந்து மாதா மாதம் மதலேனாவுக்கு நாசி பிரியாணி வரத் தொடங்கியது. எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது.

சோதனை வருஷம் முடியப்போகும் நேரத்தில் வந்தது வினை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மிஸ்டர் கோவுக்கே போன் போட்டார். அவருக்கு வந்த கடிதத்தின் உச்சியில் '2' என்று இருக்கிறதாம். இரண்டாம் பக்கத்தை அனுப்பிவிட்டு முதல் பக்கத்தை யார் வைத்துக்கொண்டார்கள் என்று கேட்டார். அடுத்து ஓர் அம்மாள் பதறிப்போய் நேரிலேயே வந்துவிட்டார். இரண்டாவது எச்சரிக்கை என்றால் முதல் எச்சரிக்கை எங்கே, பாலிசி ரத்தாகிவிட்டதா என்று அழுகை. அதன் பிறகு போன் ஓயவே இல்லை. பார்த்தால் எல்லாமே சிராங்கூன் சாலைக் கடிதங்கள். எல்லாவற்றின் உச்சியிலும் ஒரு '2', அதன் கீழே சின்னதாக இரண்டு கோடுகள்.

அன்றைக்கென்று மிஸ்டர் கோவின் அறையில் ஆம்ப்ரோஸ் உட்கார்ந்திருந்தான். வெளிநாட்டிலிருந்து கடித மென்பொருளை வரவழைத்து விற்கும் ஒரு கம்பெனியின் ஆள். மதலேனாவின் மாதா கோயில் பாட்டுக்குழுவில் பின்வரிசையில் நின்று பாடுகிறவனும் அவன்தான். அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்க எண்ணில் கோளாறு, கையால் செய்த புரோகிராம்களில் இது சகஜம் என்றான். பொய் சொல்லவில்லை பாவம், அவன் அப்படித்தான் நினைத்தான். மிஸ்டர் கோ நறுக்கென்று பேசுகிறவர். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் என் எதிரில் செய்து காட்டுங்கள், எது நிற்கிறதோ அதை வைத்துக்கொள்வேன் என்றார். மதலேனாவைப் பார்த்து, இந்த '2' அன்றைக்கும் வந்தால் செய்து காட்டவே வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

செய்தி தட்டச்சு அறைக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? சம்சுன்னிசா ஓடிவந்து மதலேனாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதே புள்ள. ஒன் நாக்காலிய நான் யாருக்கும் குடுக்கல. அப்படியேதான் கெடக்கு."

அவர் போன பிறகு மதலேனா என்னிடம் சொன்னாள். "அக்கா நல்ல மனசோட சொல்றாங்க. ஆனா அந்த ஆறுதல்தான் அண்ணே எனக்குப் பயமா இருக்கு." அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். தட்டச்சு வேலை இழிவு என்று அவள் நினைத்தவள் அல்ல. தான் வாங்கிக் கொடுத்த சனிக்கிழமைகளை அந்தப் பெண்களிடமிருந்து திருப்பி எடுத்துக்கொண்டு போய் அதே நாற்காலியில் உட்கார வேண்டுமே, அதுதான் அவளை அரித்தது.

முதலில் அவளும் ஆம்ப்ரோஸ் சொன்ன இடத்தில்தான் தேடினாள். பக்க எண் போடும் பகுதியைப் பிரித்து மேய்ந்தாள். அங்கே ஒரு தப்பும் இல்லை. சாப்பாட்டையும் மறந்து அச்சடித்த தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவள் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என்னை மாதிரின்னு சொன்னேன்ல அண்ணே, ரொம்ப என்னை மாதிரியே செஞ்சுட்டேன். கெடைக்கலன்னா ஊரக் கூட்டுது. கெடச்சா எங்க கெடச்சதுன்னு வாயத் தொறக்காம எடுத்துக்கிட்டுப் போயிடுது!"

அன்று பிற்பகலே அதற்கும் ஒரு வாய் வைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு துண்டும் எந்த அலமாரியில் அகப்பட்டது என்று தாளின் ஓரத்தில் சின்னதாக அடித்துவிடும்படி செய்தாள். கிளமெண்டிக் கடிதம் வந்தது: தலை, பொது. தோ பாயோ வந்தது: தலை, பொது. சிராங்கூன் சாலை வந்தது: தலை, சிராங்கூன் சாலை. அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, "வாங்க அண்ணே, தேக்கா போய்ட்டு வருவோம்" என்றாள். சிராங்கூன் சாலை வட்டாரத்துக்கு எங்கள் வாயில் தேக்கா என்றுதான் பெயர். எனக்கும் அங்கே ஓர் இழப்பீட்டு விஷயம் பாக்கி இருந்தது, கிளம்பிவிட்டேன்.

சிராங்கூன் சாலைக் கிளை ஒரு பூக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் மாடிப்படி ஏறிப் போக வேண்டிய இடம். அங்கே எழுத்தர் மருதப்பன். ஐம்பது வயதுக்கு மேல். நெற்றி நிறைய விபூதி. தலைமை அலுவலகத்தோடு இணைத்துப் புதிதாகக் கிளைக்கு வந்திருந்த கம்ப்யூட்டர் திரையையும் அவர் விட்டுவைக்கவில்லை, அதன் நெற்றியிலும் சந்தனப் பொட்டு இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்ததாம், யாருக்கும் துடைக்க மனம் வரவில்லை.

மதலேனா கடிதத்தை நீட்டினாள். "அண்ணே, மேல இந்த ரெண்டு எதுக்குன்னு தெரியுமா?"

மருதப்பன் வாங்கிப் பார்த்தார். "ரெண்டா? எங்கம்மா ரெண்டு?"

"இதோ."

"அடடே, அது ரெண்டு இல்லம்மா. பிள்ளையார் சுழி. ஞாயித்துக்கெழம தொறந்திருக்கும்னு தலைய எங்களையே மாத்திக்கச் சொன்னீங்கள்ல, போன மாசம்? புதுசா ஒண்ணு எழுதுறோமே, சுழி போடாம எப்படி ஆரம்பிக்கிறது? இந்த மெஷின்ல 'உ' இல்ல. தேடித் தேடிப் பாத்தேன், ரெண்டுதான் கிட்டத்தட்ட வந்துச்சு. கீழ கோடு வேணுமேன்னு அந்த சமக்குறியையும் போட்டேன். நல்லாத்தானே இருக்கு?"

மதலேனா சிரித்தாள். சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்துவாகப் பிறந்து, கல்யாணப் பட்டியலிலிருந்து கடைச் சீட்டு வரை சுழி போட்டே வளர்ந்தவன் நான். நாள்முழுக்க அந்த '2'ஐப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லையே!

விஷயம் தெரிந்ததும் மருதப்பனின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, ஒன் வேலைக்கு என்னால ஆபத்தாம்மா? இப்பவே எடுத்துடறேன்."

"கைய வைக்காதீங்க!" என்று அவர் விரலைத் தடுத்தாள் மதலேனா. "நான் பேப்பர் எடுத்தா முதல்ல சிலுவை போடுறவ. ஒங்க சுழிய எடுக்கச் சொல்ல நான் யாரு? ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தலைய மாத்தும்போது முழுசா காப்பி பண்ணீங்களா? அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் சேத்து?"

"ஆமா, எல்லாம் சேத்துத்தான்."

சிரிப்பு சட்டென்று நின்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் யோசனையில் இருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"சுழி பிரச்சினை இல்ல அண்ணே. நாளைக்கு ஹெட் ஆபீஸ் போன் நம்பர் மாறுதுன்னு வச்சுக்குங்க. நான் பொது அலமாரில மாத்துவேன். எல்லாக் கிளைக்கும் மாறிடும். இவருக்கு மட்டும் மாறாது. இவர் அலமாரில பழைய நம்பரோட ஒரு முழுத்தலை இருக்கு, அதுதான் முதல்ல கெடைக்கும், அதோட நின்னுடும். ரெண்டே வரி மாத்த ஒரு முழுத்தலைய நான் குடுத்திருக்கக்கூடாது. தப்பு என்னோடது." சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டே வந்தாள். எங்கள் நிறுத்தம் வந்தபோது அந்தக் கண்ணாடி முழுக்கக் கட்டங்களாக இருந்தது.

அடுத்த நாட்களில் அவள் தலையையே சின்னச் சின்னதாக நறுக்கினாள். உச்சி தனி, முகவரியும் போன் நம்பரும் தனி, திறந்திருக்கும் நேரம் தனி. பொது அலமாரியில் உச்சி என்ற துண்டு வெறுமையாகவே இருக்கும். சிராங்கூன் சாலை அலமாரியில் இனி இரண்டே துண்டுகள்தான், உச்சியும் நேரமும். மிச்சத்துக்கு அவர்களும் பொதுவுக்கு வந்தாக வேண்டும்.

அதோடு விட்டாளா? எங்கள் அச்சு மெஷின் ஊசிகளால் புள்ளி புள்ளியாகக் குத்தித்தான் எழுதும். எந்தப் புள்ளி விழ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் எதையும் வரையும் என்று கையேட்டில் கண்டுபிடித்துவிட்டாள். கட்டம் போட்ட தாளோடு மதியச் சாப்பாட்டு மேசைக்கு வந்து, கட்டங்களைக் கறுப்பாக்கி, சுழி வரைய ஆரம்பித்தாள். தலையில் வழக்கம்போல் ஒரு சிலுவை, அதற்குக் கீழே பிள்ளையார் சுழி. அதைப் பார்க்கும் சரியான அதிகாரி நான்தானே?

"என்ன மதலேனா இது, பூனைக்குட்டி ஒக்காந்த மாதிரி இருக்கு."

"வால் பத்தலையா?"

"வால் எதுக்கு? வயிறு பத்தல. இன்னும் கொஞ்சம் உருண்டு வரணும். கடைசில இழுக்குறோம்ல, அது நேரா போகணும்."

திட்டித் திட்டி வரைய வைத்தேன். வியாழக்கிழமை அச்சு மெஷின் முதல்முறையாகக் கிர்ரென்று ஒரு 'உ' போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தது. தமிழில் அந்த மெஷின் எழுதிய முதல் எழுத்து அது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மருதப்பனிடம் போனில் சொன்னேன். "இன்னிக்கு எங்க வீட்டுப் பொம்பளைகிட்டச் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் அறையில் மிஸ்டர் கோ நடுவில் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாங்கள் ஒரு கூட்டம். வேலை பார்ப்பதுபோல் யாரும் பாசாங்குகூடச் செய்யவில்லை. மிஸ்டர் கோ கெட்டிக்காரர், பாடம் செய்துகொண்டு வந்த வித்தைகளை அவர் பார்க்கத் தயாராக இல்லை. தலைமை அலுவலகத்தின் டெலிபோன் நம்பர் அடுத்த மாதம் மாறுகிறது, எல்லாக் கிளைக் கடிதங்களிலும் மாற்றுங்கள், இப்போதே, என்றார். மதலேனா என் பக்கம் திரும்பவில்லை. நான்தான் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆம்ப்ரோஸின் மென்பொருளில் ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு கடிதமும் முழுசாகத் தனித்தனியே கிடந்தது. அவனும் அவனோடு வந்த ஆளும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற ஆரம்பித்தார்கள். திருத்தமாகத்தான் செய்தார்கள். ஆனால் தோ பாயோ முடிந்து கிளமெண்டி திறக்கும்போதே அவன் நெற்றி வியர்த்துவிட்டது, அந்தக் குளிரில்.

மதலேனா பொது அலமாரியில் ஒரே வரியை மாற்றினாள். அச்சு மெஷினைத் தட்டினாள். தாள் மடிப்பு மடிப்பாக மேலே ஏறி வந்தது.

மிஸ்டர் கோ வேறெதையும் பார்க்கவில்லை. "சிராங்கூன் சாலை" என்று கையை நீட்டினார். அந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்து குனிந்து பார்த்தார். புது நம்பர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்றும் இருந்தது. உச்சியில் அழகாக, உருண்டையாக, ஒரு சுழி. அவர் புருவம் ஏறியது. இதை எடுக்கச் சொன்னேனே என்றார்.

"நீங்கள் சொன்ன '2' போய்விட்டது சார். இது அந்தக் கிளையுடையது" என்றாள் மதலேனா ஆங்கிலத்தில். எங்கள் ஆட்கள் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் போடும் குறி இது, அந்தக் கிளைக்கு வருகிற ஜனங்கள் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள், யாரும் பக்க எண் என்று நினைக்க மாட்டார்கள் என்று விளக்கினாள். "வேண்டாம் என்றால் அதையும் பாருங்கள்" என்று அந்தத் துண்டைக் கிளை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தாள். உச்சி வெறுமையாக வந்தது. ஓரத்தில்: உச்சி, பொது. திரும்ப வைத்து அடித்தாள். சுழி வந்தது. உச்சி, சிராங்கூன் சாலை. "புரோகிராமில் நான் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை சார். எங்கே கிடைக்கிறது என்பதுதான் மாறுகிறது. வைப்பதா எடுப்பதா என்று நீங்கள் சொல்லுங்கள்."

மிஸ்டர் கோ இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு கிளை தானாகவே தன் கடிதத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது, தலைமை அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, ஆனாலும் வேறெந்தக் கிளையும் கெடவில்லை, அப்படித்தானே என்று கேட்டார். அப்படித்தான் என்றாள். அவர் ஆம்ப்ரோஸிடம் திரும்பினார். உங்களுடையதில் இது முடியுமா?

ஆம்ப்ரோஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முடியாது என்று நேர்மையாகச் சொன்னான். பிறகு தமிழில், தாழ்ந்த குரலில், "ஒன் வேலைக்கே ஆபத்துன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன் லா, மதலேனா" என்றான். "ஞாயித்துக்கெழம பாட்டுக்கு மட்டும் வந்துடு" என்றாள் அவள்.

"சுழி இருக்கட்டும்" என்றார் மிஸ்டர் கோ எழுந்தபடி. "எல்லாக் கிளைகளுக்கும் இந்த மாதக் கடிதங்களை அடியுங்கள். இன்றைய தபாலிலேயே போகட்டும், புரோகிராமர்." அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் கதவுக்கு வெளியே யார் முதலில் கை தட்டியது என்று தெரியாது. நான் தட்டினேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும். உள்ளங்கை எரிகிறவரை தட்டினேன்.

அச்சு மெஷின் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்தது. கடிதம் கடிதமாகத் தொடர்ச்சியான தாள் மேலே வந்து பின்னால் விழுந்துகொண்டிருந்தது. மதலேனா அதன் முதல் கடிதத்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள். வழக்கமாக அங்கேயே ஓரங்களைக் கிழித்துத் தனித்தனியாகப் பிரித்து அடுக்குவாள். அன்று கிழிக்கவில்லை. தாளைப் பிடித்தபடியே கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து வெளியே வந்தாள். தாள் அவளுக்குப் பின்னால் நீண்டுகொண்டே வந்தது. இழப்பீட்டுப் பிரிவைக் கடந்தாள், என் மேசையைக் கடந்தாள், நடைவழியில் திரும்பினாள். தட்டச்சு அறைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, தாள் தரையில் படாமல் அங்கங்கே கையேந்திப் பிடித்துக்கொண்டார்கள். சம்சுன்னிசா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மதலேனா நேரே அவர் மேசைக்குப் போய், முதல் கடிதத்தை அங்கே விரித்து வைத்து, ஒரு மணமகளின் முந்தானையைச் சரி செய்கிற கவனத்தோடு அதன் சுருக்கங்களைத் தன் உள்ளங்கையால் நீவிவிட்டாள்.